அம்மாவுக்கு அனுப்பிய மீன்காட்டி

பலெர்மோவின் லிபெர்த்தா வீதியில் நான் பார்த்துக்கொள்ளும் இத்தாலிய அம்மையார் சிஞ்ஞோராவுக்கு எண்பத்தெட்டு வயது. புருசன் இறந்த பிறகு அவருடைய நிலவறையை யாரும் திறக்கவில்லை. ஒரு மாசி மாதக் காலையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "இன்றைக்கு அதைக் காலி பண்ணுவோம்" என்றார். பண்ணியது நான்தான். கீழே போய் ஒவ்வொரு சாமானாகத் தூக்கி வந்து குசினி நிலத்தில் வைக்க, அவர் கதிரையில் இருந்தபடி "வை" என்றோ "எறி" என்றோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படி மேலே வந்ததுதான் அந்த நீலத் துணிப்பை. உள்ளே ஒரு சின்னத் திரை, நீளமான வயர், வயரின் நுனியில் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புக் குண்டு, மஞ்சள் நிற மிதவை, ஒரு பற்றரி, ஒரு புத்தகம். புத்தகத்தின் அட்டையில் தாடிக்காரன் ஒருவன் வெள்ளை வெளியில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் இருந்தான். அவனுடைய கால்மாட்டில் ஒரு துளை.

சிஞ்ஞோரா அதைக் கண்டதும் சிரித்தார். புருசன் சிநேகிதர்களோடு பின்லாந்துக்குப் போய் உறைந்த ஏரியில் மீன் பிடிக்க ஆசைப்பட்டாராம். எல்லாம் வாங்கியாகிவிட்டது. இருதயம் விடவில்லை. "எறி" என்றார். "பலெர்மோவில் ஐஸ் இருப்பது கிரானித்தாச் சர்பத்தில் மட்டும்தான்."

புதுச் சாமான். திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. எறிய மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று பின்னேரம் அம்மா போன் எடுத்தார். அம்மா இருப்பது நோர்வேயின் வடக்கு மூலையில், ஒரு சின்ன மீன்பிடி ஊரில். அப்பா மன்னாரில் இறந்த பிறகு தனியாக இருந்த அம்மாவை அண்ணாதான் அங்கே எடுப்பித்தார். அண்ணா அப்போது அந்த ஊரின் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு அவருக்கு ஒஸ்லோவில் வேறு வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். அம்மா போகவில்லை. "இஞ்சை பழகிப் போச்சு" என்றார். மாதக்கணக்காகச் சூரியனே வராத ஊரில் மன்னார்ப் பெண் ஒருத்திக்கு என்ன பழகியிருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டால், வேறு கதைக்குத் தாவிவிடுவார்.

அம்மாவைச் சிரிக்கவைக்கத்தான் அந்தப் பையைப் பற்றிச் சொன்னேன். "ஐஸில ஓட்டை போட்டு, கீழ மீன் நிக்குதோ எண்டு பாக்கிற மெஷினாம் அம்மா. ஆருக்கு உது?"

அம்மா சிரிக்கவில்லை.

"வேலை செய்யுதோ?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? ஏன்?"

"பாத்திட்டு எனக்கு அனுப்பு."

"உங்களுக்கோ?"

"ஓம். எனக்குத்தான்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தேன். அம்மாவின் குரல்தான். கரையோர ஊரில் பிறந்து வளர்ந்தும் கடலில் கணுக்கால் நனைக்காத மனுசி அவர். எங்கள் வீட்டில் மீன் வந்ததெல்லாம் கடையிலிருந்துதான். அப்பா வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர், அவரும் கடலுக்குப் போனதில்லை. அம்மா தூண்டிலைத் தொட்டு நான் கண்டதில்லை.

"அங்கை ஆருக்கும் குடுக்கப் போறியளோ?"

"நீ அனுப்பு பிள்ளை. தபால் செலவுக்கு யோசியாதை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் மனுசனிடம் சொன்னபோது அவர், "உம்மட அம்மாக்கு அந்த இருட்டுக்குள்ள இருந்து ஏதோ பிடிச்சிட்டுது" என்றார். ஆனாலும் மெஷின் என்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு, திசைகாட்டி மாதிரி இது மீன்காட்டி என்று அவரே பெயரும் வைத்தார். பையிலிருந்த பற்றரி செத்திருந்தது. தன் ஸ்கூட்டரின் பற்றரியைக் கழற்றிக் கொண்டுவந்து வயர்களைப் பொருத்தினார். திரை ஒளிர்ந்தது.

புத்தகம் இத்தாலிய மொழியில். திரையில் வரும் சொற்களும் அப்படியே. நோர்வே மொழியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. இத்தனை வருசமாக இங்கே இருக்கிறேன், குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்று பெர்மெஸோ விசா புதுப்பிக்கவும், மருந்துக்கடையில் சண்டை பிடிக்கவும் என் இத்தாலியம் போதும். இந்தப் புத்தகத்தின் இத்தாலியம் வேறு. 'குவதாஞ்ஞோ' என்று ஒரு சொல் வந்தது. எனக்கு அது உழைப்பு, வருமானம்.

"மெஷினுக்குச் சம்பளமோ?" என்றார் மனுசன்.

இரண்டு மூன்று தரம் வாசித்த பிறகுதான் பிடிபட்டது. கறுப்புக் குண்டு தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்புகிறது. அடியிலோ மீனிலோ பட்டு அது திரும்பி வருகிறது. குவதாஞ்ஞோவைக் கூட்டினால் சின்ன எதிரொலியும் கேட்கும், அளவுக்கு மிஞ்சிக் கூட்டினால் குப்பையெல்லாம் மீனாகத் தெரியும்.

குளியல் தொட்டியை நிரப்பிக் குண்டை விட்டுப் பார்த்தோம். திரையில் ஒரே பச்சையும் சிவப்பும், திருவிழா லைற் மாதிரி. ஆழம் போதாது என்று புத்தகம் சொன்னது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், சின்ன வள்ளங்கள் கட்டும் துறைக்குப் போனோம். கோயில் உடுப்போடு நான் கல்லில் குந்தியிருக்க, மனுசன் குண்டைத் தண்ணீருக்குள் இறக்கினார். திரையில் மணிக்கூடு மாதிரி ஒரு வட்டம். அதன் ஓரத்தில் தடிப்பாகச் சிவப்பு. அது கடலின் அடி. ஒரு நூலில் ஈயத்தைக் கட்டி இறக்கினேன். மெல்லிய கோடொன்று தோன்றி, நூலைத் தூக்க ஏறியது, விட இறங்கியது. பிறகு எங்கிருந்தோ இன்னொரு கோடு வந்து ஈயத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"மீன்" என்றார் மனுசன், கோயிலுக்குள் கதைப்பதுபோல.

பற்றரியைத் தபாலில் அனுப்ப விடமாட்டார்கள் என்பதால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பினோம். அம்மா கிடைத்தது என்று ஒரு வரி எழுதினார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து ஒரு காலை. சிஞ்ஞோரா குசினி மேசையில் இருந்து பச்சை ஃபாவே அவரையை உரித்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன். அம்மா வீடியோவில் எடுத்தார். போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினால், திரை முழுக்க வெள்ளை. யாரோ செம்மஞ்சள் நிறத்தில் தலையிலிருந்து கால்வரை ஒரே உடுப்புப் போட்ட ஆள், வீதி திருத்துகிறவர்கள் மாதிரி. பிழையான நம்பர் என்று நினைத்துத் துண்டிக்கப் போனேன்.

"பிள்ளை, நான் தெரியிறனோ?" என்றது அந்த உடுப்பு.

தொப்பியைக் கொஞ்சம் மேலே தள்ளியதும் அம்மாவின் முகம் வந்தது. வெயிலில் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி போட்ட அடையாளம்.

"அம்மா! எங்கை நிக்கிறியள்?"

"ஏரியில."

"ஏரிக்கரையிலயோ?"

"கரையில இல்லை. மேல. ஏரிக்கு மேல நிக்கிறன்." சப்பாத்தால் தட்டிக் காட்டினார். டக் டக் என்று கேட்டது.

"உங்களுக்கு என்ன விசரோ? சித்திரை மாசம் பிறந்திட்டுது!"

"இஞ்சை சித்திரைதான் நல்ல காலம். வெயிலும் இருக்கும், ஐஸும் இருக்கும். சரி, உதை விடு. உந்த மெஷின் இத்தாலியன் கதைக்குது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீ சொல்லு, நான் அமத்துறன்."

வாளியொன்றின் மேல் போனை நிறுத்தினார். இப்போது எனக்குத் தெரிந்தது மீன்காட்டியின் திரையும், பக்கத்தில் ஒரு துளையும், அதற்கப்பால் ஒரு பட்டை வெள்ளையும்தான்.

"அந்த ஓட்டையை ஆர் போட்டது?"

"பக்கத்து ஆக்கள். நீ சொல்லு."

சொன்னேன். "முதல்ல கியாச்சோ எண்ட சொல் வருமட்டும் அம்பு அடையாளத்தை அமத்துங்கோ. G எழுத்தில தொடங்கும். அதுதான் ஐஸ்." அம்மா விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். கிடைத்தது. வட்டம் வந்தது. "இனி குண்டை இறக்குங்கோ. ஐஸ் தடிப்பு முடிஞ்சு கீழ போகோணும். ஓட்டையின்ர விளிம்பில முட்டினால் பொய் காட்டும். நேராத் தொங்கோணும்."

"தொங்குது."

"ஓரத்தில தடிப்பாச் சிவப்புத் தெரியுதோ?"

"ஓம். ஏழு மீற்றர் எண்டு போட்டிருக்கு."

"அதுதான் அடி. இப்ப தூண்டிலை விடுங்கோ."

அம்மா சின்னத் தடியொன்றை எடுத்து நூலை விட்ட விதம் இருக்கிறதே, பெருவிரலால் நூலை அமத்தி, அளந்து, நிறுத்தி. இது முதல் தரம் இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் பழக்கமும் இல்லை. அதைப் பார்த்தபடியே, தூண்டில் தெரியவில்லை என்று அவர் சொன்னதற்குப் பதில் சொல்ல மறந்து நின்றேன்.

"பிள்ளை, தெரியேல்லை எண்டு சொல்லுறன்."

"குவதாஞ்ஞோவைக் கூட்டுங்கோ. கொஞ்சங் கொஞ்சமா."

"ஆ! வந்திட்டுது! பச்சைக் கோடு! நான் தூக்க அதுவும் ஏறுது!"

அம்மா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடமிருந்து நான் கேட்டதாக நினைவில்லை. சிஞ்ஞோராவும் அவரையை விட்டுவிட்டுப் போனை எட்டிப் பார்த்தார். "இது என் புருசனின் மெஷினா?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். அவருக்குச் சந்தோசம்.

மீன்தான் வரவில்லை. கோடு ஒன்றே ஒன்று, தூண்டில் மட்டும். புத்தகத்தை நான் படம் பிடித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்து, "ஒரு ஓட்டையில ஒண்டும் காட்டாட்டி இன்னொரு இடத்தில பாக்கச் சொல்லுது" என்றேன்.

அம்மா முகத்தைத் திருப்பி நோர்வே மொழியில் ஏதோ சொன்னார்.

"ஆரோட கதைக்கிறியள்?"

"இஞ்சை நிக்கிற ஆக்களோட."

வெள்ளைப் பட்டையின் மூலையில் ஒரு ஆணின் முதுகு தெரிந்தது. உயரமான ஆள். ஐஸ் துளைக்கும் கருவியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். தூரத்தில் கறுப்பாக ஒரு கோடு, சிற்றாறு ஒன்று ஏரியில் விழும் இடமாக இருக்க வேண்டும். அவர் அந்தப் பக்கமாகத்தான் போனார்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. நனைந்த துணியை நிலத்தில் போட்டால் கேட்குமே, அவ்வளவுதான். முதுகு நின்ற இடத்தில் முதுகு இல்லை.

அம்மா கத்தினார். அவருடைய கால்கள் திரையைக் கடந்து ஓடின, பிறகு சட்டென்று நின்றன. அந்த ஆரஞ்சு உடுப்பு அப்படியே ஐஸில் குப்புறப் படுத்தது. பல்லியைப்போல வயிற்றால் ஊர்ந்தது. அறுபத்து நாலு வயது மனுசி, முழங்கால் நோவென்று கோயிலில் முழந்தாளிடாத மனுசி, கையையும் காலையும் அகட்டி ஊர்ந்து என் கண்ணுக்கு முன்னால் திரைக்கு வெளியே போய்விட்டார்.

"அம்மா! போகாதையுங்கோ! அம்மா!"

என் குரல் அந்த வாளியின் மேலிருந்து யாருக்குக் கேட்டிருக்கும்? நோர்வேயில் அவசரத்துக்கு எந்த நம்பர் என்றும் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் பலெர்மோவிலிருந்து எடுத்து எந்த ஏரி என்று சொல்வது? கையில் கரண்டியோடு நின்றேன். சிஞ்ஞோரா "என்ன, என்ன" என்று என் மேல்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

போனில் முதலில் நோர்வே மொழி. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப. பிறகு அது உடைந்து தமிழாகியது.

"என்ர ராசா! விட்டிடாதை! கயித்தைப் பிடி! என்னைப் பார், இஞ்சை, என்னைப் பார் ராசா!"

பயத்துக்குள்ளும் 'ராசா' என்ற அந்தச் சொல்லில் என் காது நின்றுபோனது. அப்பாவை அம்மா பெயர் சொன்னதில்லை. 'இஞ்சேருங்கோ' என்பார். அதுவும் கதவுக்கு வெளியே நின்று. ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் கடைசி மூச்சு இழுத்தபோதுகூட 'இஞ்சேருங்கோ, கண்ணைத் திறவுங்கோ' என்றுதான் அழுதார். 'நீ' என்று, 'பிடி' என்று, 'பார்' என்று ஒரு ஆம்பிளையிடம் அம்மா சொன்னதை அன்றுதான் கேட்டேன். சொல்லப்பட்டவருக்கு அந்த மொழியே தெரியாது.

திரையில் மீன்காட்டி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. தூண்டில் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு எழும்பியது, முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு நல்ல சிவப்பு. மெல்ல ஏறி வந்து தூண்டிலோடு ஒட்டி நின்றது. நான் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடி ஒருமுறை துடித்தது, பிறகு ஐஸில் இழுபட்டுத் துளைக்குள் போய்விட்டது.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது. வேறு குரல்கள் கேட்டன, ஆண்கள். ஒரு எஞ்சின் சத்தம். கடைசியில் போன் ஆடியது. அம்மாவின் முகம் மிகக் கிட்டத்தில். புருவத்தில் ஐஸ். உதடு நீலம்.

"பிள்ளை, இருக்கிறாய்தானே? அவர் வெளியில வந்திட்டார். உயிருக்கு ஒண்டுமில்லை. நான் வைக்கிறன்."

"அவர் ஆர், அம்மா?"

போன் ஏற்கனவே வைக்கப்பட்டுவிட்டது.

சிஞ்ஞோரா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அந்த வீட்டில் அவர் எழும்பி நடந்து போய் எனக்கென்று ஒன்று எடுத்துத் தந்தது அதுதான் முதல் தடவை. நான் குடித்துவிட்டு அண்ணாவுக்கு எடுத்தேன்.

"அண்ணா, அம்மா ஏதோ ஏரியில நிண்டவ. பக்கத்தில நிண்ட ஒரு ஆள் ஐஸ் உடைஞ்சு விழுந்திட்டார்."

"ஐயோ! அவருக்கு நெஞ்சு வருத்தமும் இருக்கு. எடுத்திட்டினமோ?"

"எடுத்தாச்சு." பிறகுதான் எனக்கு உறைத்தது. "அண்ணா, ஒரு ஆள் எண்டுதானே சொன்னன். உங்களுக்கு ஆளைத் தெரியுமோ?"

அவர் பக்கத்தில் காரின் சிக்னல் சத்தம் மட்டும் டிக் டிக் என்று கேட்டது.

"அம்மா உனக்கு இன்னும் சொல்லேல்லையோ?" என்றார்.

அன்று பின்னேரம் அம்மாவே எடுத்தார், வீடியோ இல்லாமல். ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். விழுந்தவரை ஒரு இரவு வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். அவர் கழுத்தில் கூர் ஆணிகள் இரண்டு தொங்கவிட்டிருந்தாராம், ஐஸில் குத்திப் பிடித்து ஏற. அம்மாவிடம் கயிறு இருந்ததாம். ஏரியின் மறுபக்கம் நின்றவர்கள் பனி ஸ்கூட்டரில் வந்தார்களாம். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அதைச் சொல்லும்வரை மற்றதைச் சொல்லத் தேவையில்லை என்பதுபோல.

"அம்மா" என்றேன்.

"என்ர மனுசன் அவர்" என்றார். "போன மார்கழியில பதிஞ்சிட்டம். அண்ணன்தான் சாட்சிக்குக் கையெழுத்து வைச்சவன்."

நான் குளியலறைத் தொட்டியின் விளிம்பில் இருந்தேன்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொல்லத்தான் நினைச்சனான். உன்னட்டைச் சொன்னால் பலெர்மோ முழுக்கத் தெரியும், பலெர்மோவுக்குத் தெரிஞ்சால் மன்னாருக்குத் தெரியும் எண்டு அண்ணன் மறிச்சுப் போட்டான். பிறகு மெஷின் எண்டு நீ சொன்னாய். அவருக்குப் பிறந்தநாள் வந்தது. அவருக்கெண்டு நான் ஒண்டுமே குடுத்ததில்லை."

"பக்கத்து ஆக்கள் எண்டு சொன்னது அவரைத்தானோ?"

"ஓம். முதல் குளிருக்கு நான் கடை வாசல்ல விழுந்து எழும்பேலாமல் கிடந்தன். அவர்தான் தூக்கி விட்டவர். அடுத்த நாள் என்ர சப்பாத்துக்கு அடியில போட முள்ளு வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். பிறகு ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்." குரல் தணிந்தது. "பிள்ளை, அந்த ஏரியில இருக்கேக்கை என்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யச் சொல்லுறதில்லை."

நான் போனை வைத்தேன். அடுத்தடுத்த நாட்களிலும் அம்மா எடுத்தார். சாப்பிட்டியளோ, ஓம், அவர் சுகமோ, ஓம், அவ்வளவுதான் எங்களிடையே. என் மனுசனுக்குக் கோபம். "இந்த வயசில என்ன கலியாணம்? கோயில்ல நாங்கள் முகம் காட்டுறதில்லையோ?" என்றார். பள்ளிக்கூடத்தால் வந்த மகள் அதைக் கேட்டுவிட்டு, "அம்மம்மாவுக்கு மரீத்தோ இருக்கோ? பெல்லோ!" என்று துள்ளினாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

சிஞ்ஞோராதான் விடாமல் கேட்டார். ஒவ்வொரு காலையும் முதல் கேள்வி, விழுந்தவர் எழும்பிவிட்டாரா என்பது. பிறகு, ஆள் வடிவோ என்பது. முதுகைத்தான் கண்டேன் என்றேன். உன் அம்மாவுக்கு எத்தனை வயது என்றார். சொன்னேன்.

"சின்னப் பிள்ளை" என்றார் சிஞ்ஞோரா.

ஆனி மாதம் இருவரும் வந்தார்கள். அம்மா கேட்டுவிட்டு வரவில்லை, ரிக்கற் எடுத்துவிட்டுத்தான் சொன்னார். விமான நிலையத்தில் கதவு திறந்தபோது நான் தேடியது ஆரஞ்சு உடுப்பை. வந்தது சீலை கட்டிய அம்மா. பின்னால் அந்த உயரமான ஆள், எங்கள் வெயிலில் நண்டு மாதிரிச் சிவந்து, நெஞ்சோடு ஒரு குளிர்ப்பெட்டியை அணைத்துக்கொண்டு. உள்ளே புகையூட்டிய மீன். கையை நீட்டி, பாடமாக்கிய தமிழில், "வணக்கம் மகள், சுகமோ?" என்றார். அம்மாவின் உச்சரிப்பு அப்படியே. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினேன். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் விறைத்திருந்தன. அந்த நாளின் குளிர் தின்ற விரல்கள் என்று அம்மா சொன்னார்.

என் மனுசன் மரியாதையாக நடந்துகொண்டார், அதற்கு மேல் இல்லை. ரெஸ்ரோறன்ற் வேலைக்கு வழமையை விட முன்னதாகவே கிளம்பிப் போனார். எனக்கும் ஒரே வீட்டுக்குள் அவர்களைப் பார்க்கக் கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் நான் பாரை மீன் குழம்பு வைத்தேன். மேசையில் அம்மா மகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். அந்த உயரமானவர் தன் கோப்பையில் ஒரு துண்டு மீனை எடுத்து, அந்த விறைத்த விரல்களோடு முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஓரத்தில் வைத்தார். மெதுவாக, நேரம் எடுத்து. சாப்பிடத்தான் போகிறார் என்று பார்த்தால், அந்தச் சதையைத் தூக்கி அம்மாவின் கோப்பையில் வைத்தார். அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. கதையை நிறுத்தாமல் அதைப் பிசைந்து வாயில் போட்டார். எத்தனையோ தரம் நடந்த ஒன்று அது.

எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, சட்டியைச் சுரண்டிக் கடைசியாகச் சாப்பிடுகிற அம்மாவைத்தான் எனக்குத் தெரியும். கையில் கரண்டியோடு திரும்பவும் அப்படியே நின்றேன். மகள், "அம்மா, குழம்பு" என்று இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை பல்லரோ சந்தைக்குப் போனோம். மீன் கடையில் வாள்மீனின் தலையைக் கொம்போடு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அவர் அதற்கு முன்னால் நின்று அசையவே இல்லை. அம்மா அவருடைய முழங்கையைப் பிடித்தபடி, தமிழும் நோர்வேயும் கலந்து ஏதோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் எங்கள் கோயிலுக்கு வரும் அக்கா ஒருவர், இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு, எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். மன்னார்க்காரர். அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்.

"அம்மா வந்து நிக்கிறாவே! சொல்லவே இல்லை!" என்றவரின் கண், அம்மாவின் கை பிடித்திருந்த முழங்கைக்குப் போய், அங்கிருந்து அந்தச் சிவந்த முகத்துக்கு ஏறியது. "இவர் ஆர்?"

நான் ஒரு பொய்யைக் கிழமைக்கணக்காகத் தயார் செய்து வைத்திருந்தேன். அண்ணாவின் வேலையிடத்துச் சிநேகிதர், இத்தாலி பார்க்க வந்தவர். வாயைத் திறந்தேன்.

"என்ர மனுசன்" என்றார் அம்மா. "உங்கட முழங்கால் நோ இப்ப எப்பிடி? போன முறை போன்ல சொல்லேக்கை வீக்கமும் இருந்ததெல்லே?"

அந்த அக்காவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. பையிலிருந்து ஒரு கத்தரிக்காய் விழுந்து உருண்டது. அம்மாவின் மனுசன் குனிந்து அதை எடுத்து, அம்மாவின் சீலையில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அக்கா அதை வாங்கினார். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

பிறகு, வேறு வழி தெரியாமல், முழங்காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.